வண்டி உடைக்கிற இடத்துக்கு யார் அனுமதி கொடுத்தது? அந்த ஆணையை நீங்களே வாங்கிப் படிக்கலாம்

ஊருக்கு வெளியே, வயலை ஒட்டி, தகரம் அடித்து ஒரு வேலி எழும்புகிறது. கொஞ்ச நாளில் உள்ளே கார் பாடிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகின்றன. கேஸ் கட்டர் சத்தம், டயர் நாற்றம், மழை பெய்த மறுநாள் வாய்க்காலில் வானவில் நிறத்தில் ஒரு படலம். டீக்கடையில் பேச்சு இரண்டாகப் பிரியும். "எல்லா அனுமதியும் வாங்கித்தான் வச்சிருப்பான்" என்பார் ஒருவர். "எதுவும் இருக்காது, கவனிக்கிறவங்களைக் கவனிச்சிருப்பான்" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் ஊகத்தில்தான் பேசுகிறார்கள். அனுமதி உண்டா, என்ன நிபந்தனையோடு, எந்தத் தேதி வரை என்பதெல்லாம் ஓர் ஆணையில் எழுதப்பட்டிருக்கும். அந்த ஆணையைப் பார்க்கப் பொதுமக்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

இந்த விஷயம் இப்போது ஏன் முக்கியம்? பழைய வண்டிகளை உடைப்பது ஒரு முறையான தொழிலாகிவிட்டது. 2021 செப்டம்பரில் மத்திய அரசு வாகன உடைப்பு நிலையங்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் பதிவைப் புதுப்பிப்பதில்லை. காயலான் கடைக்காரர் தெருமுனையில் வைத்துப் பிரித்துப் போட்ட காலம் போய், பதிவு பெற்ற நிலையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. (அந்தச் சான்றிதழ் இல்லாமல் வண்டியை விற்றுவிட்டு வந்தால் ஆர்.சி. புத்தகம் உங்கள் பெயரிலேயே கிடக்கும். பின்னால் அந்த நம்பரில் எது நடந்தாலும் விசாரணை உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.)

ஒரு காருக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் அனுமதி எதற்கு என்பது விளங்கும். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட், பேட்டரிக்குள் ஈயமும் கந்தக அமிலமும், ஏ.சி. குழாயில் வாயு, பழைய வண்டி என்றால் பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ், புது மாடல் என்றால் வெடித்துத் திறக்கிற ஏர்பேக். முறையான நிலையத்தில் இவற்றையெல்லாம் தனித்தனியாக வடித்தும் கழற்றியும் எடுத்த பிறகுதான் இரும்பில் கை வைப்பார்கள். தரை சிமென்ட் போட்டு நீர் இறங்காதபடி இருக்கும். கழுவுகிற தண்ணீர் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாகப் போகும். முறையில்லாத இடத்தில் ஆயில் சம்ப் போல்ட்டை மண்தரையிலேயே திறந்துவிடுவார்கள். ஏ.சி. குழாயை வெட்டினால் ஒரு 'புஸ்', அதோடு கதை முடிந்தது.

இதையே டெல்டாவில் வைத்துப் பாருங்கள். நிலம் சமதளம், நீர்மட்டம் பல இடங்களில் மேலேயே நிற்கிறது, ஐப்பசி கார்த்திகையில் வயலும் சாலையும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். அதைவிட முக்கியம், இங்கே வடிகாலும் வாய்க்காலும் தனித்தனி உலகமல்ல. மேலே ஒருவருடைய வயலுக்கு வடிகாலாக இருப்பது, கீழே போனால் இன்னொருவருக்குப் பாசன வாய்க்கால். வெண்ணாற்றுப் பக்கமோ அரசலாற்றுப் பக்கமோ விவசாயம் பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே உடைப்பு நிலையத்தின் மழைநீர் எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்பதுதான் இங்கே முதல் கேள்வி.

எத்தனை அனுமதி, யாரிடமிருந்து

முதலாவது, தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியம் தருகிற இசைவாணை. 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி ஒன்று, 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டப்படி ஒன்று. இரண்டுமே இரண்டு கட்டமாக வரும். கட்டுமானம் தொடங்கும் முன் நிறுவுவதற்கான இசைவு, வேலை ஆரம்பிக்கும் முன் இயக்குவதற்கான இசைவு. பலர் முதல் கட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே "அனுமதி இருக்கு" என்பார்கள். நிறுவும் இசைவை வைத்துக்கொண்டு ஒரு வண்டியைக்கூட உடைக்க முடியாது.

இரண்டாவது, 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் ஓர் அங்கீகாரம். கழிவு ஆயில் இந்த விதிகளுக்குள் வருவதால் இது தேவைப்படுகிறது. இதுவும் வாரியத்திடமிருந்தே.

மூன்றாவது, 2021 விதிகளின் கீழ் போக்குவரத்துத் துறையில் செய்யும் பதிவு. இது பத்து ஆண்டுக்கு. பிறகு புதுப்பிக்க வேண்டும். இத்தோடு 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஆயுள் முடிந்த வாகன விதிகளும் சேர்ந்துகொண்டன. அவற்றின்படி உடைப்பு நிலையம் வாரியத்திலும் பதிய வேண்டும், கணக்கு காட்ட வேண்டும். இந்த 2025 விதிகளில் டிராக்டர், டிரெய்லர், அறுவடை இயந்திரம், பவர் டில்லர் ஆகிய விவசாய வண்டிகள் வராது. டெல்டாவில் கிழடுதட்டி நிற்பதில் பாதி அவைதாம்! ஆனாலும் பவர் டில்லரை மட்டுமே உடைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் நீர்ச் சட்டமும் காற்றுச் சட்டமும் அவரை விட்டுவிடாது. அவை பார்ப்பது அந்த இடத்திலிருந்து என்ன வெளியேறுகிறது என்பதைத்தான்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். "டெல்டாதான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாச்சே, இங்கே இதெல்லாம் வர முடியுமா?" என்று கேட்கிறார்கள். 2020-இல் வந்த அந்தச் சட்டம் தடை செய்தது ஒரு குறிப்பிட்ட பட்டியலை. துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்குவது, ஸ்பான்ஞ் அயர்ன் ஆலை, தோல் பதனிடுவது, எண்ணெய், எரிவாயு, மீத்தேன் எடுப்பது போன்றவை. அந்தப் பட்டியலில் வாகன உடைப்பு இல்லை. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் கப்பல் உடைக்கும் தளம் உண்டு, வண்டி உடைக்கும் தளம் இல்லை. தண்டோரா போட்டு, ஆட்சியர் முன்னிலையில் உங்களிடம் கருத்துக் கேட்கிற கட்டமே இதில் கிடையாது. ஆணை பிறந்தபின் அதைத் தேடிப் போய்ப் படிப்பதுதான் ஊராருக்கு இருக்கிற வழி.

பார்க்கும் உரிமை எங்கிருந்து வருகிறது

ஆர்.டி.ஐ. என்கிற தகவல் பெறும் உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் இந்த உரிமை வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு 31 ஆண்டு முன்பே, நீர்ச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் இது இருக்கிறது. இசைவு கொடுக்கும்போது விதிக்கும் நிபந்தனைகளை வாரியம் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். கழிவுநீர் வெளியேற்றம் தொடர்பான பகுதியை, அதில் அக்கறை உள்ளவரோ அதனால் பாதிக்கப்படுகிறவரோ அலுவலக நேரத்தில் வந்து பார்க்கலாம். காற்றுச் சட்டத்தின் 51-ஆம் பிரிவும் புகை அளவுகளுக்கு இதே மாதிரிப் பதிவேட்டைக் கட்டாயமாக்குகிறது. அந்த வடிகாலின் கீழ்மடையில் நிலம் வைத்திருப்பவர் 'பாதிக்கப்படுகிறவர்' இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சிட்டா நகல் ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள்.

நடைமுறையில் பதிவேடு என்று கேட்டால் முழிப்பவர்களே அதிகம் இருக்கலாம். அதனால் 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவது நல்லது. அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. தான் வழங்கிய அனுமதிகளையும் அங்கீகாரங்களையும் யார் பெற்றார்கள் என்ற விவரத்தை, யாரும் கேட்காமலே அலுவலகம் வெளியிட வேண்டும் என்கிறது. இதை ஒழுங்காகச் செய்தாலே பாதிப் பேருக்கு மனு எழுதும் வேலை மிச்சமாகும். ஆகவே முதலில் வாரியத்தின் இணையதளத்தைத் துழாவிவிடுங்கள். கிடைக்காவிட்டால் மனு.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அதற்கு மனுவே வேண்டாம், சைக்கிளில் போய் நின்றால் போதும். அபாயகரக் கழிவைக் கையாளும் நிறுவனங்கள், என்ன கழிவு, எவ்வளவு, நீரிலும் காற்றிலும் என்ன வெளியேறுகிறது என்ற விவரங்களை வாசலுக்கு வெளியே பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003 அக்டோபரில் உத்தரவிட்டது. எனவே நிலையத்தின் வாசலில் பலகை இருக்கிறதா, இருந்தால் அதில் எண்கள் எழுதியிருக்கிறதா, கட்டங்கள் காலியாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். சாலையில் நின்றே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

மனுவை எப்படி எழுதுவது

ஆர்.டி.ஐ. மனுவில் பெரும்பாலோர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். "இந்த நிலையத்தால் எங்கள் தண்ணீர் கெடுகிறதா? ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்கிறார்கள். அலுவலகத்தில் காகிதமாக இருப்பதைத்தான் இந்தச் சட்டத்தில் வாங்க முடியும். அதிகாரியின் கருத்தையோ விளக்கத்தையோ வாங்க முடியாது. கோபத்தைப் புகார் மனுவுக்கு வைத்துக்கொண்டு, இதில் ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். ஏறக்குறைய இப்படி:

"… வட்டம், … கிராமம், சர்வே எண் …-இல் இயங்கும் வாகன உடைப்பு நிலையம் தொடர்பாகக் கீழ்க்கண்ட ஆவணங்களின் நகல் தேவை. ஒன்று, நீர் மற்றும் காற்றுச் சட்டங்களின் கீழ் வழங்கிய நிறுவும், இயக்கும் இசைவாணைகள், நிபந்தனை இணைப்புகளுடன். இரண்டு, அபாயகரக் கழிவு அங்கீகாரம். மூன்று, கடந்த இரண்டு ஆண்டுகளுக்கு அந்நிலையம் தாக்கல் செய்த அபாயகரக் கழிவு ஆண்டறிக்கை (படிவம் 4). நான்கு, வாரிய அலுவலர்களின் ஆய்வு அறிக்கைகளும் அனுப்பிய நோட்டீஸ்களும். ஐந்து, மழைநீர் வடிகால் காட்டும் மனை வரைபடம். மேற்கண்ட கோப்பை நேரில் பார்வையிடவும் நாள் குறித்துத் தர வேண்டுகிறேன்."

தமிழில் எழுதினால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, அவர்களும் கேட்கக் கூடாது. பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். போக்குவரத்துத் துறை ஆவணத்தை வாரியத்திடம் கேட்டுவிட்டாலும் பாதகமில்லை. ஐந்து நாளுக்குள் அவர்களே உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். கடைசி வரியில் உள்ள 'நேரில் பார்வையிட' என்பதை விட்டுவிடாதீர்கள். கோப்பைப் புரட்டும்போதுதான் நீங்கள் பெயரே தெரியாமல் கேட்கத் தவறிய கடிதம் ஒன்று கண்ணில் படும்.

காரைக்கால் பக்கம் என்றால் விலாசமே வேறு. டெல்டாவுக்குள்தான் இருக்கிறது, ஆனால் புதுச்சேரி ஒன்றியப் பகுதி. அங்கே இசைவு தருவது புதுச்சேரி மாசு கட்டுப்பாட்டுக் குழுமம். நிலையம் எல்லைக்கு அந்தப் பக்கம், உங்கள் வயல் இந்தப் பக்கம் என்றாலும் மனு போக வேண்டியது அந்தக் குழுமத்துக்குத்தான். இரண்டாம் மேல்முறையீட்டுக்குக்கூட அவர்களுக்குத் தனி மாநில ஆணையம் இல்லை, டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம்தான்.

"வணிக ரகசியம்" என்று பதில் வந்தால்

வரும். சட்டத்தின் 8-ஆம் பிரிவில் வணிக ரகசியத்துக்கு விலக்கு உண்டுதான். ஆனால் பெரிய பொதுநலன் இருந்தால் அதையும் தாண்டிக் கொடுக்கலாம் என்று அதே இடத்தில் எழுதியிருக்கிறது. மேலும் நிபந்தனைகளைப் பதிவேட்டில் எழுதிப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று நீர்ச் சட்டமே சொல்லும்போது, அதே நிபந்தனையை ரகசியம் என்பது எப்படிப் பொருந்தும்? மேல்முறையீட்டில் இந்த ஒரு வாதத்தை வைத்தாலே போதும் என்பது என் அபிப்பிராயம். உரிமையாளரின் சொந்த விவரங்களை மறைத்துவிட்டு மீதியைத் தரலாம், அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. உரிமையாளரிடம் கருத்துக் கேட்கிறோம் என்று சொன்னால் கூடுதலாகப் பத்து நாள், மொத்தம் 40 நாள் காத்திருங்கள்.

பதிலே வரவில்லையா? 30 நாள் முடிந்ததிலிருந்து அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையம். அங்கே வரிசை நீளம், பொறுமை வேண்டும்.

"அப்படி ஓர் ஆவணம் இந்த அலுவலகத்தில் இல்லை" என்று பதில் வந்தால் மட்டும் சோர்ந்துவிடாதீர்கள். இருப்பதிலேயே பயனுள்ள பதில் அதுதான். அந்த நிலையம் இசைவு இல்லாமல் ஓடுகிறது என்பதற்கு, வாரியமே கையெழுத்துப் போட்டுத் தந்த ஆதாரம் அது.

ஆணை கைக்கு வந்தபின்

நகல் வந்ததும் பலர் முதல் பக்கத்தைப் பார்த்து "ஆமாம், அனுமதி இருக்கு" என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். விஷயமே பின்பக்கங்களில்தான் இருக்கிறது.

சர்வே எண்ணைப் பாருங்கள். அனுமதி வாங்கியது ஒரு மனைக்கு, வண்டி குவிந்திருப்பது பக்கத்து மனையிலும் என்றால், அந்த இரண்டாவது மனைக்கு அனுமதி இல்லை என்று பொருள். இதைச் சரிபார்க்க கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புல வரைபடம் போதும். அடுத்து, இசைவு முடிகிற தேதி. அதற்கடுத்து, மாதத்துக்கு இத்தனை வண்டி அல்லது இத்தனை டன் என்று எழுதிய அளவு. பிறகு கழிவுநீர் எங்கே போக வேண்டும் என்ற வரி. வளாகத்துக்கு வெளியே ஒரு சொட்டும் விடக் கூடாது என்று அதில் இருந்து, வாய்க்கால் கரையில் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால், இனி உங்கள் புகார் "நாத்தம் அடிக்குதுங்க" என்று இருக்க வேண்டாம். இன்ன தேதியிட்ட ஆணையின் இத்தனையாவது நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது என்று எழுதலாம். இரண்டாவது வகைப் புகாரை ஓரங்கட்டுவது கடினம்.

படிவம் 4 ஆண்டறிக்கையில் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு காரின் எஞ்சினிலிருந்து 3 லிட்டர் ஆயில் வரும் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,000 கார் உடைத்ததாகக் கணக்கு காட்டினால், கழிவு ஆயில் 3,000 லிட்டர் அளவிலாவது இருக்க வேண்டும். லாரி, பஸ் என்றால் இன்னும் பல மடங்கு. அறிக்கையில் மறுசுழற்சியாளருக்கு அனுப்பியது 200 லிட்டர் என்றிருந்தால் மீதி எங்கே போனது? வடித்துவிட்டுக் கொண்டுவந்த வண்டிகளும் இருக்கும்தான், ஆனால் இவ்வளவு வித்தியாசம் வராது. அபாயகரக் கழிவை 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது என்பது பொது விதி. அதனால் "உள்ளேதான் பீப்பாயில் இருக்கு" என்ற பதிலும் செல்லாது. லாரியில் ஏற்றி அனுப்பும் ஒவ்வொரு முறையும் படிவம் 10 என்று ஒரு சீட்டு போட வேண்டும், அடுத்த மனுவில் அந்தச் சீட்டின் நகலைக் கேளுங்கள். பேட்டரிக்கும் இதே கணக்குதான், அது இன்னும் சுலபம். பெட்ரோல், டீசல் காருக்கு ஒரு பேட்டரி.

கேள்வியைக் கிராம சபையிலும் வையுங்கள். தீர்மானம் ஒன்று நிறைவேறினால் வாரியம் அந்த நிலையத்தின் இசைவைத் தானாக ரத்து செய்துவிடாது. ஆனால் உங்கள் தனிப் பகை என்று யாரும் சொல்ல முடியாமல் போகும்.

இசைவாணையே தவறாகக் கொடுக்கப்பட்டது என்று தோன்றினால், உதாரணமாக வரைபடத்தில் வாய்க்காலையே காட்டாமல் மறைத்திருந்தால், நீர்ச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போகலாம். உரிமையாளர் மட்டுமல்ல, அந்த ஆணையால் பாதிக்கப்பட்ட எவரும் போகலாம். காற்றுச் சட்டத்தில் அதற்கு 31-ஆம் பிரிவு. அங்கும் தீர்வு இல்லையென்றால் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. இந்த மேல்முறையீட்டுக்குக் கெடு 30 நாள், ஆணை உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து. தக்க காரணம் காட்டினால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளவும் இடமுண்டு. ஆணை பல மாதம் முன்பே பிறந்திருக்கும், உங்கள் கைக்கு வந்ததோ ஆர்.டி.ஐ. பதில் வழியாக. எந்த நாளில் உங்களுக்குத் தெரிந்தது என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கேட்கும். எனவே பதில் வந்த கவரைக் கிழித்து எறியாமல், தபால் முத்திரை தெரிகிற மாதிரி, கோப்பில் நகலோடு சேர்த்தே குத்தி வையுங்கள்.